கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்

எங்கள் வானொலி நிலையத்தின் குடும்ப தினத்தில் இந்த ஆண்டு போலிங் போட்டி வைத்தார்கள். நான் சும்மா போகவில்லை. வேலையிடத்து நண்பர் ஒருவரிடம் 250 வெள்ளி கொடுத்து வாங்கிய சொந்தப் பந்தோடு போனேன். இரண்டு மாதம் யூடியூப் பார்த்து, பந்தை விடும்போது மணிக்கட்டை லேசாகத் திருப்பி, அது கடைசியில் வளைந்து போகும்படி செய்யவும் கற்று வைத்திருந்தேன்.

முதல் ஆட்டத்தில் 141. கைத்தட்டல். இரண்டாவதில் 118. மூன்றாவதில் 87. விளையாட்டுச் செருப்பைக் கூட மாட்டத் தெரியாமல் வந்த கணக்குப் பிரிவு அக்கா, போலிங் மையத்தின் ஊதாப் பந்தை நேராக உருட்டி என்னை முந்திவிட்டார். அதே கை, அதே பந்து, அதே வேகம்தான். ஆனாலும் முதல் ஆட்டத்தில் கட்டைகளின் மடியில் போய் விழுந்த பந்து, மூன்றாவதில் பாதி வழியிலேயே இடப்பக்கம் வெட்டிக்கொண்டு போனது. நான் இன்னும் வலப்பக்கமாக வீசிப் பார்த்தேன். அது இன்னும் மோசமாக வெட்டியது.

அன்று இரவு என் மாமாவுக்கு வீடியோவை அனுப்பினேன். அம்மாவின் கடைசித் தம்பி. கிள்ளானில் ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் இருக்கும் போலிங் மையத்தில் 34 ஆண்டுகளாக வேலை செய்கிறவர். பதில் குறுஞ்செய்தியாகத்தான் வந்தது. மாமா எப்போதுமே போனில் பேசமாட்டார்.

'உன் கை நல்லாத்தான் இருக்கு பாப்பா. லேன் மாறிடுச்சு, நீ மாறல. சனிக்கிழமை காலையில ஏழரைக்கு இங்க வா. வர்றதா இருந்தா இந்த மாசத்துக்குள்ள வா.'

அந்தக் கடைசி வரி ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கிள்ளானில் ஒரு காலை

காரில் போயிருக்கலாம். ஆனால் சனிக்கிழமை அதிகாலைக் கோமுட்டரில் ஒரு சுகம் இருக்கிறது. கேஎல் சென்ட்ரலில் ஏறினால் சுபாங் ஜெயா, ஷா ஆலாம் எல்லாம் தூங்கிக்கொண்டே தாண்டி, கிள்ளான் நிலையத்தில் இறங்கலாம். பழைய நிலையம். வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் ஜாலான் தெங்கு கிளானா, நம் எல்லோருக்கும் தெரிந்த லிட்டில் இந்தியா. தீபாவளி மாதத்தில் நகர முடியாத அந்தத் தெரு, காலை ஆறே முக்காலுக்கு வேறு ஊர் மாதிரி இருந்தது. பூக்கடைக்காரர் மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஜவுளிக்கடைகளின் இரும்புக் கதவுகள் மூடியிருந்தன. ஒரு தோசையும் ஒரு தேவும் சாப்பிட்டுப் பசியாறிவிட்டு, மாமாவுக்கு நான்கு வடை கட்டிக்கொண்டு கிராப் பிடித்தேன்.

பேரங்காடியின் முன்வாசல் பத்து மணிக்குத்தான் திறக்கும். மாமா பின்பக்கம், சாமான் இறக்கும் இடத்தில் நின்றார். சாம்பல் நிறச் சட்டை, பையில் ஒரு ஸ்குரூ டிரைவர், இடுப்பில் துணி. சாமான் லிஃப்டில் மேலே ஏறினோம். லிஃப்டில் நான் ஏதோ கேட்டேன். அவர் தலையைத் திருப்பி, வலது காதை என் பக்கம் காட்டினார். குடும்பத்தில் எல்லோருக்கும் பழகிப்போன அசைவு அது. நானும் வலப்பக்கம் மாறி நின்று மறுபடி கேட்டேன்.

உள்ளே போனதும் எனக்கு ஆச்சரியம். 24 லேன். பாட்டு இல்லை, வண்ண விளக்கு இல்லை, பிள்ளைகளின் கூச்சல் இல்லை. வெறும் ட்யூப் லைட் வெளிச்சம். ஒலியை வைத்துப் பிழைக்கிறவள் நான். இத்தனை நாள் போலிங் என்றால் எனக்குச் சத்தம்தான். சத்தம் இல்லாத போலிங் மையத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அறுபது அடி, முப்பத்தொன்பது பலகை

"மொதல்ல லேன பாரு. பந்த அப்புறம் பாக்கலாம்" என்றார் மாமா.

கோட்டிலிருந்து முதல் கட்டை வரை 60 அடி. அகலம் மூன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அகலத்தில் 39 பலகைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அங்குலம். வலக்கை ஆட்டக்காரர் வலப்பக்கத்திலிருந்து 1, 2, 3 என்று எண்ண வேண்டும். கோட்டைத் தாண்டிப் பன்னிரண்டு, பதினைந்து அடி தூரத்தில் தெரியும் ஏழு அம்புக்குறிகள் அழகுக்காகப் போட்டவை அல்ல. ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது என்று ஐந்தைந்து பலகைக்கு ஓர் அம்பு. தூரத்தில் இருக்கும் கட்டையைக் குறிபார்ப்பதைவிடப் பக்கத்தில் இருக்கும் அம்பைக் குறிபார்ப்பது சுலபம் என்பதற்காக வைத்தது. நான் இத்தனை நாளும் கட்டைகளையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பெரும்பாலான இடங்களில் உண்மையான பலகை கிடையாது. பலகை போலக் கோடு போட்ட செயற்கைத் தகடுதான். முன்பு நிஜமான மரம். பந்து வந்து விழும் முன்பகுதிக்கும் கட்டைகள் நிற்கும் இடத்துக்கும் கடினமான மேப்பிள் மரம், நடுவில் பைன் மரம். ஏழு கிலோ பந்து நாள் முழுக்க உரசினால் மரம் என்னாகும்? அதைக் காப்பாற்றத்தான் முதலில் எண்ணெய் தடவினார்கள். காப்பாற்ற வந்த எண்ணெய், போகப்போக விளையாட்டையே நடத்த ஆரம்பித்துவிட்டது.

மாமாவோடு ஒரு மலாய்ப் பையனும் இருந்தான். சேர்ந்து மூன்று மாதமாம். இருவரும் சேர்ந்து ஒரு பெரிய இயந்திரத்தைத் தள்ளி வந்து முதல் லேனில் இறக்கினார்கள். பொத்தானை அழுத்தியதும் அது தானாகவே கட்டைகளை நோக்கி ஊர்ந்தது. முன்னால் திரவம் தெளித்துப் பழைய எண்ணெயையும் அழுக்கையும் கழுவி உறிஞ்சிக்கொள்கிறது. பின்னால் புது எண்ணெயைப் பூசுகிறது. கடைசிவரை போய்விட்டு வீட்டுக்கு வரும் பூனை மாதிரி திரும்பி வந்தது. அடுத்த லேன்.

"ஒரு லேனுக்கு எவ்ளோ எண்ணெய் மாமா?"

"நீ சொல்லு."

அரை லிட்டர் இருக்கும் என்றேன். மாமா சிரித்தார். ஒரு முட்டை பொரிக்க ஊற்றுவோமே, அவ்வளவுதானாம். இருபதிலிருந்து முப்பது மில்லிலிட்டர். இரண்டு மேசைக்கரண்டி. அது அத்தனை நீளத்துக்கும் அகலத்துக்கும் பரவுகிறது என்றால், தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு மெல்லிய படலம். நிறமும் கிடையாது. குனிந்து பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் லேசான பளபளப்பு தவிர ஒன்றும் தெரியவில்லை.

அந்தப் படலமும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. நீளத்தில் முதல் 40 அடிக்குத்தான் எண்ணெய். கடைசி 20 அடி காய்ந்த தரை. அகலத்தில் நடுப்பகுதியில் தாராளமாக, இரு ஓரங்களிலும் கஞ்சத்தனமாக. நாம் குடும்பத்தோடு போய் விளையாடும் இடங்களில் பெரும்பாலும் இப்படித்தான் பூசுவார்கள்.

ஏன் அப்படி? மாமா இரண்டு கையையும் குவித்துக் கிண்ணம் மாதிரி காட்டினார். நடுவில் போன பந்து எண்ணெயில் வழுக்கிக்கொண்டு நேராகப் போகும். ஓரத்துக்குப் போன பந்து காய்ந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பி வரும். ஆக, கொஞ்சம் தப்பு செய்தாலும் லேனே நம்மை நடுவுக்கு அனுப்பிவிடும். வந்தவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போகட்டும் என்பதற்காகச் செய்யும் மறைமுக உபசாரம் இது.

மழையில் போகும் மோட்டார் சைக்கிள்

"இப்ப போடு" என்றார்.

புதிதாக எண்ணெய் பூசிய எட்டாவது லேன். இரண்டாவது அம்பைப் பார்த்து, அதாவது பத்தாவது பலகைக்கு மேலே, பந்தை விட்டேன். நேராகப் போனது, போனது, லோங்காங்கில்தான் விழப்போகிறது என்று நினைத்த நேரத்தில், யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி உள்ளே திரும்பி முதல் கட்டைக்கும் அதன் வலப்பக்கக் கட்டைக்கும் நடுவில் புகுந்தது. ஒன்பது விழுந்தன.

பந்து கையை விட்டுக் கட்டையைத் தொடும்வரை ஆகும் நேரம் இரண்டு, இரண்டரை விநாடிதான். அதற்குள் அது மூன்று வேலை பார்க்கிறது என்றார் மாமா. முதலில் வழுக்கும். பிறகு வளையும். கடைசியில் உருளும்.

"போர்ட் கிள்ளான் ரோட்டுல மழையில மோட்டார் ஓட்டுனா எப்படி இருக்கும்? ஹேண்டில திருப்புவ, வண்டி திரும்பாது, நேரா வழுக்கும். திடீர்னு காஞ்ச ரோடு வந்துச்சுன்னா? டயர் பிடிக்கும், நீ திருப்புன பக்கம் சடார்னு போவும். பந்தும் அதேதான். உன் கை அதுக்கு ஒரு சுத்து குடுத்து அனுப்புது. எண்ணெய் இருக்குற வரைக்கும் அந்தச் சுத்து சும்மா சுத்திக்கிட்டுக் கிடக்கும். எண்ணெய் முடிஞ்ச எடத்துல தரை பிடிக்கும், சுத்தின பக்கம் போவும்."

யூடியூபில் இரண்டு மாதமாகப் பார்த்தது ஒரு நிமிடத்தில் விளங்கியது. பந்தை வளைய வைப்பது என் கை என்றுதான் நினைத்திருந்தேன். கை சுழற்சியை மட்டும்தான் கொடுக்கிறது. எங்கே வளைய வேண்டும் என்று முடிவு செய்வது தரை.

வளைந்து போவதில் அப்படி என்ன லாபம்? பந்து நேராகப் போய் முதல் கட்டையில் மோதினால் பக்கத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். ஐந்தாறு டிகிரி சாய்வாக உள்ளே நுழைந்தால் நடுவை ஊடுருவிப் போகும். வலக்கை ஆட்டக்காரரின் சரியான ஸ்டிரைக்கில் பந்து தொடுவது நான்கே நான்கு கட்டைகளைத்தான்: 1, 3, 5, 9. மற்ற ஆறையும் கட்டைகளே ஒன்றையொன்று தள்ளிச் சாய்க்கின்றன.

அடுத்து, அங்கிருந்த பொதுப் பந்து ஒன்றை எடுத்து அதே இடத்தில், அதே மாதிரி விடச் சொன்னார். அது கடைசிவரை நேராகவே போனது. பொதுப் பந்தின் மேல்தோல் வழவழப்பான பிளாஸ்டிக். காய்ந்த தரையிலும் அது பெரிதாகப் பிடிக்காது. என் பந்தின் தோல் ரியாக்டிவ் ரெசின் என்ற வகை. கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்டது. எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், காய்ந்த இடத்தில் இறுகப் பிடிக்கும். 1990களின் தொடக்கத்தில் இந்த வகைப் பந்து வந்த பிறகு விளையாட்டே மாறிப்போனது. மாமா வேலைக்குச் சேர்ந்ததும் அந்தக் காலத்தில்தான்.

கணக்குப் பிரிவு அக்கா ஏன் என்னை ஜெயித்தார் என்று இப்போது புரிந்தது. அவருடைய பந்து தரையைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. என்னுடைய பந்துக்குத் தரைதான் எல்லாம்.

தவறு எந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம்

தொடர்ந்து போட்டேன். ஒவ்வொரு முறையும் பந்து திரும்பி வந்ததும் மாமா அதைக் கையில் எடுத்துக் காட்டினார். மேல்தோலில் மெல்லிய எண்ணெய் வளையங்கள். பந்து எந்தப் பகுதியால் தரையைத் தொட்டு உருண்டது என்பதற்கான ரேகை அது. வடையைத் துடைத்த காகிதம் மாதிரி அந்த வளையம் ஒன்றைச் சொன்னது: ஒவ்வொரு வீச்சிலும் லேனிலிருந்து கொஞ்சம் எண்ணெய் பந்தோடு வந்துவிடுகிறது.

இருபது வீச்சு தாண்டியிருக்கும். என் பந்து குடும்ப தினத்தில் செய்த அதே சேட்டையை ஆரம்பித்தது. முதல் கட்டையின் மூக்கில் மோதியது. அடுத்தது, அதற்கும் இடப்பக்கம் போனது. என் கை தானாகவே இன்னும் வலப்பக்கம் வீசப் போனது.

"நில்லு. அன்னிக்கும் இதத்தான செஞ்ச?"

ஆமாம் என்றேன்.

விஷயம் இதுதான். ஒரே தடத்தில் பந்து போய்ப்போய் அங்கே இருந்த எண்ணெய் தேய்ந்துவிட்டது. 40 அடியில் பிடிக்க வேண்டிய தரை, 30 அடியிலேயே பிடிக்கிறது. பந்து சீக்கிரம் வளைகிறது. நான் இன்னும் வலப்பக்கம் வீசினால்? அங்கே முதலிலிருந்தே எண்ணெய் குறைவு. இன்னும் சீக்கிரம் வளையும். நெருப்பை அணைக்க மண்ணெண்ணெய் ஊற்றிய கதை.

"எண்ணெய தேடிப் போ. அது எங்க இருக்கு? நடுவுல. அப்ப நீயும் அந்தப் பக்கம் நவுரு. காலு ரெண்டு பலகை இடப்பக்கம், பாக்குற எடம் ஒரு பலகை இடப்பக்கம். கைய மாத்தாத."

பந்து இடப்பக்கமாகத் தவறினால் கால் இடப்பக்கம் நகர வேண்டும். வலப்பக்கமாகத் தவறினால் வலப்பக்கம். நம் புத்தி சொல்வதற்கு நேர் எதிராக இருக்கிறது. ஆனால் நகர்ந்து நின்று அதே மாதிரி விட்டேன். பந்து மறுபடி நெடுந்தூரம் வழுக்கி, பழைய இடத்தில் திரும்பி, உள்ளே புகுந்தது. பத்தும் விழுந்தன. அந்தக் காலி மண்டபத்தில் அந்தச் சத்தம் எப்படி இருந்தது தெரியுமா? பின்னால் நின்ற மலாய்ப் பையன் கைத்தட்டினான்.

மாமா அவனிடம் திரும்பி, அவனுக்குத் தினமும் சொல்கிற பாடம் போல, "மிஞ்ஞாக் தாக் நம்பாக். போலா நம்பாக்" என்றார். எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, பந்து தெரியும். பந்தைப் பார்த்துத்தான் எண்ணெயைப் படிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். பிளாஸ்டிக் பந்துகள் எண்ணெயை உறிஞ்சாது. முன்னால் இருக்கும் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போய்க் காய்ந்த பகுதியில் தடவிவிடும். அப்போது நேர் எதிரான வியாதி வரும்: பந்து கடைசியில் திரும்பவே திரும்பாது. குடும்பங்கள் அதிகம் வரும் ஞாயிறு மாலை இது நடக்கும். பந்தின் தோலைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் சீக்கிரம் பிடிக்கும். மெருகேற்றினால் தாமதமாகப் பிடிக்கும். என் பந்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத வாங்குனதுலேர்ந்து ஒரு தடவயாச்சும் தொடச்சியா?" என்று கேட்டார். நான் வடைப் பொட்டலத்தைப் பிரித்துப் பேச்சை மாற்றினேன்.

பெரிய ஆட்டக்காரர்களின் லேன்

வடை சாப்பிடும்போது பெரிய போட்டிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. நம் நாடு போலிங்கில் சின்ன நாடு இல்லை. ஷாலின் சுல்கிப்ளி என்ற பெயரைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். ரஃபிக் இஸ்மாயில் 2018-இல் ஹாங்காங்கில் நடந்த ஆடவர் உலகப் போட்டியில் தங்கம் வென்றார். பக்கத்தில் சிங்கப்பூரின் ரெமி ஓங் 2002 பூசான் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் அள்ளினார்.

அவர்கள் விளையாடும் லேனில் அந்த உபசாரக் கிண்ணம் கிடையாது. நடுவிலும் ஓரத்திலும் எண்ணெய் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். தவறு செய்தால் லேன் காப்பாற்றாது. எண்ணெயின் நீளமும் போட்டிக்குப் போட்டி மாறும். அதற்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் ஓர் எளிய கணக்கை மாமா சொன்னார்: எண்ணெயின் நீளத்திலிருந்து 31-ஐக் கழி. 40 அடி என்றால் மீதி 9. எண்ணெய் முடியும் இடத்தில் பந்து ஒன்பதாவது பலகைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எண்ணெய் 36 அடிதான் என்றால் ஐந்தாவது பலகை, ஓரமாக. 45 அடி என்றால் பதினான்கு, உள்ளே. முழு விடை இல்லை, முதல் வீச்சுக்கு ஒரு தொடக்கம்.

"தொலைக்காட்சில பாத்தா எல்லாரும் சும்மா உருட்டுற மாதிரி இருக்கும். ஒவ்வொரு பந்துக்கும் அவங்க தலைக்குள்ள கணக்கு ஓடிக்கிட்டு இருக்கும்" என்றார்.

சுவருக்குப் பின்னால்

ஒன்பதரைக்கு மாமா என்னைக் கட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப்போனார். விளையாட வருகிறவர்கள் பார்க்காத பக்கம். குறுகிய நடைபாதை, ஒரு பக்கம் 24 இயந்திரங்கள், கிரீஸ் வாசனை. போவதற்கு முன் என் கையில் காது மூடி ஒன்றைக் கொடுத்தார். சோதனைக்காக நான்கு இயந்திரங்களை ஓட்டியதும், மூடியையும் தாண்டிச் சத்தம் நெஞ்சில் அடித்தது. ஒன்றரைக் கிலோ கட்டைகள் பத்து, சக்கரத்தில் ஏறி, பெல்ட்டில் ஓடி, கூடையில் விழுந்து, மறுபடி வரிசையாக நிற்கின்றன. இது நான்கு. வெள்ளிக்கிழமை இரவு 24-உம் ஓடும்.

மாமாவின் முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் காது மூடி என்று ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியாதாம். காப்பாரில் தோட்டத்திலிருந்து வெளியே வந்த பையன், ஏர்கான் போட்ட கட்டடத்தில் வேலை என்றால் போதும் என்று சேர்ந்தவர். பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டால் கூட்டாளிகள் சிரிப்பார்களாம். இடது காது முதலில் போனது. வலது காதில் இப்போது பாதி இருக்கிறது.

அந்த இயந்திரங்கள் அடுத்த மாதம் கழற்றப்படுகின்றன. அவற்றுக்குப் பதிலாக, ஒவ்வொரு கட்டையின் தலையிலும் கயிறு கட்டி மேலே இழுத்து நிறுத்தும் புது வகை வருகிறது. உலகம் முழுக்க இப்போது அதுதான் பேச்சு. பழுது குறைவு, மின்சாரம் குறைவு, ஆள் குறைவு. கயிறு இருப்பதால் கட்டை விழும் விதம் கொஞ்சம் மாறும். அதனால்தான் அமெரிக்க போலிங் சம்மேளனம் 2023-இல் அதைத் தனிப் பிரிவாக அங்கீகரித்தது. பழைய இயந்திரத்தை நாள் முழுக்கத் தடவிக்கொடுத்து ஓட்டும் மாமாவைப் போன்றவர்களின் வேலை அதில் இல்லை. 'இந்த மாசத்துக்குள்ள வா' என்றது அதற்குத்தான்.

"அப்ப நீங்க?"

"கயிறு கட்டுனாலும் எண்ணெய் போடணும்ல? வாரத்துல மூணு காலை வர்றியான்னு கேட்டிருக்காங்க. இன்னும் பதில் சொல்லல. அந்தப் பையன் கத்துக்கிட்டான்னா போதும், நான் எதுக்கு."

நான் உடனே என் தொழிலுக்குத் தாவினேன். "மாமா, இதெல்லாம் என் நிகழ்ச்சியில வந்து சொல்லுங்க. அரை மணி நேரம். நான் கேக்குறேன், நீங்க பேசுங்க."

மாமா வடைக் காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னார்: "நீ கேக்குறது எனக்கு விழாது பாப்பா. நேர்ல வாய பாத்துப் புரிஞ்சிக்குவேன். மைக்குல ஹெட்போன போட்டா, ச, ஸ, த எதுவுமே வராது. உன் நிகழ்ச்சிய நான் தெனம் போட்டுருவேன். என்னா சொல்றேன்னு பாதி தெரியாது. உன் குரல் வருதுல்ல, அது போதும்."

எட்டு ஆண்டுகளாக மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நேயர்கள் என்னைக் கேட்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொரு நாளும் பேசுகிறேன். என் சொந்த மாமா, சொல் புரியாமலே தினமும் வானொலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. வீட்டில் அவர் வலது காதைத் திருப்பும்போது நாங்கள் எத்தனை முறை 'விடுங்க மாமா, ஒன்னுமில்ல' என்று சொல்லியிருப்போம்! அந்த 'ஒன்னுமில்ல'வை நினைத்துக்கொண்டு நான் கிரீஸ் வாசனையில் நின்றேன். மாமா ஒரு பெல்ட்டைத் தட்டிப் பார்த்தார்.

கதவு திறந்த பிறகு

பத்து மணிக்கு விளக்குகள் மாறின. பாட்டு ஆரம்பித்தது. முதல் குடும்பம் வந்தது: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. சின்னவனுக்கு மாமா சறுக்குச் சட்டம் எடுத்து வந்து கொடுத்தார். பந்து ஆமை வேகத்தில் போய் மூன்று கட்டையைச் சாய்த்ததும் அவன் குதித்த குதியில், எண்ணெயாவது கணக்காவது!

நான் ஓர் ஆட்டம் முழுதாக விளையாடினேன். ஆறாவது கட்டத்தில் பந்து மூக்கில் மோதியது. இரண்டு பலகை நகர்ந்தேன். ஒன்பதாவதில் இன்னொரு முறை நகர்ந்தேன். 153. என் வாழ்நாளின் அதிகபட்சம். மாமா தொலைவில் நின்று விரலால் இரண்டு என்று காட்டிவிட்டு வேலைக்குப் போனார். இரண்டு முறை நகர்ந்தேன் என்பதை அவர் எண்ணியிருந்தார்.

உங்கள் பக்கத்து ஊர் போலிங் மையத்துக்கு அடுத்த முறை போகும்போது, காலையில் திறந்ததும் போய்ப் பாருங்கள்; எண்ணெய் அப்போதுதான் புதிது. காலுறை மறக்க வேண்டாம். கட்டையைப் பார்க்காமல் அம்பைப் பாருங்கள். பந்து தவறிய பக்கம் காலை நகர்த்துங்கள். பந்தைக் கொஞ்சம் துடையுங்கள். பிறகு, கட்டைகள் விழுந்து மறுபடி நிமிரும் அந்த ஒரு நிமிடத்தில், சுவருக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதை என் நிகழ்ச்சியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மாமா ஞாயிற்றுக்கிழமை இந்த இதழைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிறவர். எழுத்தில் சொன்னால் ஒரு சொல்லும் தவறாமல் அவருக்குப் போய்ச் சேரும்.

மாமா, அந்த மூன்று காலைக்குச் சம்மதம் சொல்லுங்கள். பையன் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. நானும்தான்.